மரப் பாகற்காய்

பாகற்காய் தியாகுவின் கையை விட்டுக் கிளம்பியாயிற்று, இனி அது நிற்காது. தாட்சாயணி வட்டத்தைக் கண்ணாலேயே எண்ணினாள். தனக்கு முன்னால் பதினெட்டுப் பேர், ஆளுக்கு அரை நிமிஷம் என்றால் ஒன்பது நிமிஷம், நடுவில் எவனாவது ஜோக்கடித்து எல்லோரும் சிரித்தால் பத்து, பதினொன்று. தனக்குப் பின்னால் இன்னும் பதினொரு பேர். இப்போது மணி பன்னிரண்டு ஐந்து. கோவில்பட்டியில் பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும், அடித்ததும் செண்பகவல்லி டீச்சர் தலைமையாசிரியை அறைக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுப்பாள். எட்டு வருஷ சர்வீஸ், அரசு உதவி பெறும் பள்ளி, நிரந்தர வேலை, எத்தனை பேர் தவம் கிடந்தும் கிடைக்காத வேலை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையோடு சென்னைக்கு வரப்போகிறாள், ஏனென்றால் இங்கே அவள் புருஷனுக்கு நல்ல கம்பெனியில் நல்ல வேலை. அந்தப் புருஷன் இசக்கிமுத்து இதோ தாட்சாயணிக்கு வலது பக்கம், தோளில் தோள் படுகிற தூரத்தில் நிற்கிறான், இன்றைக்கென்று புதுச் சட்டை போட்டிருக்கிறான், மடிப்பு கூடக் கலையவில்லை. அவனுக்கு மூன்றேகால் மணியோடு இந்த வேலை இல்லை. அது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், வியாழக்கிழமையிலிருந்து தெரியும். தெரியும் என்ன தெரியும், பேரை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் என்றால் இந்தக் கூத்து. பெருங்குடியில் நாலாவது மாடி, முப்பத்தோரு பேர், சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடுகிற மென்பொருள் செய்கிற கம்பெனி. பாம்பு கடித்து வந்தவன் ஜலதோஷக்காரனுக்குப் பின்னால் நிற்கக்கூடாது, அதுதான் விஷயம், அதை வைத்துத்தான் பிழைப்பு. வாரத்துக்கு ஒரு தரம் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும், ஒரு மரப் பாகற்காய் கைமாறிக்கொண்டே வரும், கையில் வாங்கினவர் சொல்ல மனசில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். ஒண்ணுமில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பாகற்காய் அவர் மேசையில்தான், வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னவாம் என்னவாம் என்று கேட்டுவிட்டுப் போவான். இந்த விதியைப் போட்டது யார்? சாட்சாத் தாட்சாயணி அம்மாள். ஆறு வருஷம் முன்னால் வேளச்சேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே ஏழு பேராக உட்கார்ந்திருந்தபோது, நாள் பூரா பப்ஸ் வாசனை வயிற்றைக் கிள்ளும், அப்போது மகள் மேகலாவின் மரக்காய்கறி செட்டிலிருந்து இந்தப் பாகற்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை நாலு நாள் அழுதது. இப்போது அவள் ஆறாவது படிக்கிறாள், பாகற்காயை மறந்துவிட்டாள். பச்சைப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது, முள்ளெல்லாம் மழுங்கிவிட்டது, அத்தனை கை. தியாகுவின் தலைக்குப் பின்னால் சுவரில், போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டு ஆளுயரத்துக்கு எழுத வைத்திருக்கிறார்கள்: கசந்தாலும் சொல். அதுவும் அவள் சொன்ன வாசகம்தான். ஊருக்கு உபதேசம் பண்ண வாய் மட்டும் எப்படித்தான் வருகிறதோ இவளுக்கு.

தியாகு என்ன சொன்னான்? "ரெண்டு வாரமா வீட்ல பொண்டாட்டிகிட்ட முகம் குடுத்துப் பேசல, அதான் என் கசப்பு" என்றான், எல்லோரும் அச்சச்சோ என்று இழுத்தார்கள். கம்பெனியை ஆரம்பித்தவன், முதலாளி என்று சொன்னால் கோபம் வரும், சார் மேடம் கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் பேர்தான், இசக்கிமுத்து ஒருத்தனுக்கு மட்டும் பேர் சொல்ல வாய் வராமல் அவள் அக்கா ஆனாள். பொண்டாட்டிகிட்ட பேசவில்லையாம். ஏன் பேசவில்லை என்று சொல்லேன்டா, ஒன்பது பேரை அனுப்பப் போகிறேன், அந்த ஒன்பது பேரும் இதே வட்டத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லேன். சொல்ல மாட்டான். உண்மையில் ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டான், கெட்டிக்காரன். வியாழக்கிழமை அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபோது நிஜமாகவே கண் கலங்கித்தான் இருந்தது அவனுக்கு, அதையும் சொல்ல வேண்டும். "பணம் போடறவங்க கையை விரிச்சிட்டாங்க தாட்சா. உன் டீம்ல ஆறு பேர், ஒரு பேர் குடு." ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினான், வெளியில் மூச்சு விட மாட்டேன் என்று. கையெழுத்துப் போட்டாள். போடாமல்? வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம், மேகலாவின் அப்பா பிரிந்து போய் நாலு வருஷம். போட்டுவிட்டு ஆறு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தினாள், டோக்கன் போடுகிறவள் அல்லவா, அதுதானே தொழில். ஒருத்தி ஆறு மாசம் முழுகாமல் இருக்கிறாள், தள்ளி நில்லம்மா. ஒருத்தன் அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், அவனும் தள்ளி. ஒருத்தனுக்கு ஆனியில்தான் கல்யாணம். மற்ற ரெண்டு பேர் போனால் மென்பொருளே நின்றுவிடும். மிச்சம் முத்து. ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்ஸம்மாக்கள் டோக்கன் நின்னு போச்சு தம்பி என்று பதறிப் போன் பண்ணினால் எடுத்துப் பேசுகிறவன், அவன் குரலைக் கேட்டாலே பாதி மிஷின் ஓட ஆரம்பித்துவிடும் என்று ஆபீஸில் கேலி. இனிமேல் போனையெல்லாம் மிஷினே எடுக்கப் போகிறதாம். காரணம் என்கிற கட்டத்தில் அதைத்தான் எழுதினாள். நிஜக் காரணம் அதுவல்ல. அவன் பெண்டாட்டிக்கு நிரந்தர வேலை இருக்கிறதே, அந்தக் குடும்பம் எப்படியும் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தாள், நினைத்ததும் மனசுக்கு என்ன ஆறுதலாக இருந்தது, சை.

நாலாவது ஆள், ஐந்தாவது ஆள். ஃப்ரிட்ஜில் யாரோ தயிரை வைத்துவிட்டு மூன்று வாரமாக எடுக்கவில்லை என்று ஒருத்தி. சிரிப்பு. மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து ஆஸ்பத்திரி டாக்டரைக் கழுதை என்று சொல்லிவிட்டேன் என்று ஒருத்தன். பெரிய சிரிப்பு, முத்து குனிந்து தொடையைத் தட்டிச் சிரிக்கிறான். சிரியுங்கள், சிரிக்கச் சிரிக்க நேரம் போகிறது, மணி பன்னிரண்டு எட்டு. போகட்டும் என்று நினைக்கிறாளா, போகக் கூடாது என்று நினைக்கிறாளா? பன்னிரண்டு நாற்பது தாண்டிவிட்டால் ஒரு விதத்தில் நிம்மதி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிடும், செய்வதற்கில்லை என்றால் செய்யவில்லை என்கிற பாவம் கிடையாது. ஐயோ, என்ன புத்தி இது. ஒரு வார்த்தை போதும். கடிதம் இன்னைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை, காரணம் கூடச் சொல்ல வேண்டாம், ராகுகாலம் என்று சொல்லலாம், திங்கட்கிழமை ராகுகாலம் காலையிலேயே முடிந்துவிட்டதே, அதுவும் கிடையாது. நாள் நல்லா இல்லை, ஆடி, ஆடியில் யாராவது வேலையை விடுவார்களா என்று சொல்லலாம், ஆனால் இது ஆவணி. தவிர முத்து ஒன்றும் முட்டாள் இல்லை, அக்கா ஒன்றும் நாள் பார்க்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான், கண்டுபிடித்தால் கத்துவான், கத்தினால் முப்பது பேருக்கும் தெரியும், தெரிந்தால் அவள் பேர் பத்தாவது. தியாகு நேற்று போனில் அதைத்தான் சொன்னான், நல்லவிதமாகத்தான் சொன்னான். "வாயை விட்டேன்னா பத்தாவது பேர் உன்னோடது தாட்சா. நான் சொல்லல, பணம் போட்டவங்க சொல்லுவாங்க." நேற்று அவள்தான் அவனைக் கூப்பிட்டாள், பேரை மாற்ற முடியுமா என்று கேட்க. மாத்தலாமே, வேற பேர் குடு என்றான். யாரைக் கொடுக்க? வயிற்றுப் பிள்ளைக்காரியையா? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு சமையல் கட்டில் நின்றாள், குக்கர் எத்தனை விசில் விட்டது என்று கணக்கு விட்டுப்போய் சாதம் குழைந்துவிட்டது.

ஏன் நேற்று கூப்பிட்டாள்? ஏனென்றால் சனிக்கிழமை. சனிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், நினைக்கக் கூடாது என்றால் பல் விழுந்த இடத்துக்கு நாக்குப் போகிற மாதிரி அங்கேயேதான் போகிறது. அவன் செவ்வாய்க்கிழமையே கேட்டுவிட்டான். "அக்கா ஒரு ஒத்தாசை, மேடவாக்கத்துல ஒரு வீடு பாக்கப் போறேன், தனியாளுன்னு நெனச்சுத் தர மாட்டேங்காவ, நீங்க கூட வந்தா ஒரு மதிப்பா இருக்கும்லா." சரி என்று சொல்லியிருந்தாள். செவ்வாய் சொன்ன சரிக்கும் சனிக்கும் நடுவில் வியாழன் வந்து உட்கார்ந்துகொண்டது. வரவில்லை என்று சொல்லக் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை, அல்லது தேடவே இல்லை, போனால் நல்லவளாக இருக்கலாம் என்று போனாள், அதுதான் நிஜம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, ஆட்டோ பிடித்துப் போய் ஆட்டினாள். வீட்டுக்கார அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நீங்க யாரு என்றாள். நான் இவரோட மேனேஜர்ங்க என்றாள் தாட்சாயணி. வேலை நிரந்தரம்தானே? அதற்கு தாட்சாயணி என்ன சொன்னாள் தெரியுமா, எங்க ஆபீஸ்ல இவர் இல்லேன்னா போன் எடுக்க ஆளில்லைங்க என்றாள். பொய்யே இல்லை. அந்த நேரத்திலும் பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. ரெண்டு ரூம், பின்னால் துணி காயப்போட இடம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எதுக்கு முத்து உனக்கு ஒருத்தனுக்கு இத்தனை பெரிய வீடு என்று படியிறங்கும்போது கேட்டாள், அவன் சிரித்தான், வாங்க சொல்லுதேன் என்று தெருமுனைக் கரும்பு ஜூஸ் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு, ஐஸ் இல்லாமல். பாதி குடித்தபோதுதான் சொன்னான். "செண்பகம் வேலைய விடுதாக்கா. திங்கக்கிழம லெட்டர் குடுக்கா. பிள்ள என்னைய 'ஞாயித்துக்கெழம அப்பா'ன்னு கூப்பிடுதா, இனிமே எல்லா நாளும் அப்பா." கண்ணாடி டம்ளரின் விளிம்பு பல்லில் இடித்தது. அப்போதே சொல்லியிருக்கலாம், தெருவில் யாருமில்லை, வண்டிக்காரன் சக்கையை மடித்து மறுபடி மிஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தான், மணி சத்தம் வேறு. நல்ல விஷயம் முத்து என்றாள். மிச்சத்தைக் குடித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அவன் அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

"கான்ஃபரன்ஸ் ரூம் மூணேகால்லேருந்து ஆறு வரைக்கும் புக் ஆகியிருக்கு, யாருன்னு பேர் போடல. எங்க டீம் மீட்டிங்கைத் தெருவுலயா வைக்கறது?" இது ஃபர்ஹானா, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவள், கறாரான பெண், பாகற்காயை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தியாகுவைப் பார்க்கிறார்கள், தியாகு தாட்சாயணியைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. "ஆடிட்டர்ங்க வர்றாங்க ஃபர்ஹானா, நீ என் ரூமை எடுத்துக்கோ" என்றான். அப்பா, என்ன சுலபமாக வருகிறது. அவன் தலைக்கு மேலே கசந்தாலும் சொல், பச்சையாக, அவனுக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. இதே தியாகு, பேக்கரி மாடியில், அவள் அப்பாவின் கதையைச் சொன்ன அன்றைக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், இது நம்ம கம்பெனியில நடக்கவே நடக்காது தாட்சா என்று. அந்தக் கதையிலிருந்துதான் பாகற்காயே வந்தது. அம்பத்தூரில் பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனி, அப்பா அதில் மிஷின் ஓட்டினார், அவளுக்கு அப்போது பதினொரு வயசு, மேகலா வயசு. ரெண்டு வீடு தள்ளி கோதண்டம் மாமா, அதே கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வந்தார், உட்கார்ந்தார், அப்பாவோடு கேரம் ஆடினார், அம்மா காபி கொடுத்தாள், அண்ணி காபின்னா அண்ணி காபிதான் என்று டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். திங்கட்கிழமை காலையில் போன அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி வந்தார், டிபன் பாக்ஸ் திறக்காமல் அப்படியே, கேட்டில் பூட்டு, பூட்டில் நோட்டீஸ். கோதண்டத்துக்கு ஒரு வாரமாகத் தெரியுமாம், சாமானெல்லாம் ஏற்றி அனுப்பியதே அவர்தானாம். அம்மா வேலை போனதற்குக் கூட அழவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே காபி குடிச்சானேடி" என்று அழுதாள். அடுத்த நாளும் சொன்னாள், அடுத்த வருஷமும் சொன்னாள், இன்றைக்கும் காபி கலக்கும்போது கை சற்று நின்றால் அம்மா அதைத்தான் நினைக்கிறாள் என்று அர்த்தம். கோதண்டம் மாமாவுக்கும் ஒரு காகிதம் நீட்டியிருப்பார்களோ? அவருக்கும் வீட்டில் ஒருத்தர் சம்பளம்தானே. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இதை யோசித்ததில்லை, இன்றைக்கு யோசிக்கிறாள், யோசிக்கிற ஆளைப் பார்.

பதினைந்து, பதினாறு. பாகற்காய் அவள் பக்கத்து வளைவுக்கு வந்துவிட்டது. உள்ளங்கை ஈரமாகிறது, சுடிதாரில் துடைத்துக்கொண்டாள், ஏசி இத்தனை குளிரில் எங்கிருந்து வருகிறது வியர்வை. சொல்லிவிடு. எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு, விதிப்படி சொல், முகத்துக்கு முகம், மூணேகாலுக்கு ஆடிட்டர் வரவில்லை ஒன்பது பேருக்கு வேலை போகிறது என்று. அப்புறம் மேகலாவிடம் என்ன சொல்வாய்? அம்மா உண்மை சொன்னேன் கண்ணு, அதனால ஸ்கூல் மாத்தறோம். அம்பத்தூரில் அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வதா, அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு. முப்பத்தொன்பது வயசில் எவன் வேலை கொடுப்பான், இருபத்திநாலு வயசுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சொல்லாதே. மூன்றேகால் வரைக்கும் வாயை மூடிக்கொண்டால் போதும், மூன்று மணி நேரம், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். அந்த டீச்சர் கடிதத்தை அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா? முடியும் என்று நேற்று ராத்திரி தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள், தலைமையாசிரியை நல்லவளாக இருந்தால், மேலே அனுப்பாமல் இருந்தால், அந்த இடத்துக்குத் தன் ஆளைப் போடக் காத்திருக்கிறவன் எவனும் இல்லாமல் இருந்தால். இத்தனை இருந்தால். பதினேழு. முத்து கையை நீட்டிவிட்டான், வாங்கிக்கொண்டான்.

"எனக்கு ஒரு கசப்பு" என்று ஆரம்பித்துப் பாகற்காயைத் திருப்பிப் பார்த்தான். "செண்பகம் இன்னைக்கு வேலைய விடுதா. இன்னும் அர மணிக்கூர்ல லெட்டர் குடுக்கா. அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம்னா உசுரு. எட்டு வருசத்துல ரெண்டாங் கிளாஸ் பிள்ளையோ ஒண்ணுகூட எழுத்துக்கூட்டத் தெரியாமப் போனது கெடையாது. நாந்தான் வா வான்னு உசுர எடுத்தேன். எனக்காவ விடுதா. ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல, தப்பு பண்ணுதமோன்னு. அம்புட்டுதான்." யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், வெல்கம் செண்பகம் என்று ஒருத்தன் கத்தினான், விருந்து எப்போ என்று இன்னொருத்தன். தியாகுவும் தட்டினான். தியாகு தட்டினதை அவள் பார்த்தாள், ரெண்டு தட்டு, மூன்றாவதில் கை பாதியில் நின்றுவிட்டது, அவனுக்கும் இது புதுசு, செண்பகத்தின் கடிதம் இன்றைக்கு என்று நேற்று அவள் சொன்னபோது அவன் காதிலேயே வாங்கவில்லை போல. பாகற்காய் அவள் கைக்கு வந்தது. சுடச்சுட இருந்தது, முத்துவின் கைச்சூடு, ஈரம் வேறு. முப்பது முகங்கள். முத்து தலையைச் சாய்த்து, இப்போது அக்கா ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் போகிறாள் என்று தயாராகப் பார்க்கிறான். வாயைத் திறந்தாள். "எனக்கு இன்னைக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

மேசை! மேசை! என்று முப்பது பேரும் கத்தினார்கள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு தரம்கூட மாட்டினதில்லை, அதனால் கத்தல் இரட்டிப்பு, விதி போட்டவங்களே மாட்டிக்கிட்டாங்க டோய் என்று. எல்லோரையும்விட முத்துவின் குரல்தான் பெரிசு. ஒருத்தர் ஒண்ணுமில்லை என்றுவிட்டால் வட்டம் ஒரு மார்க்கர் பேனாவை வைத்துக்கொண்டு மேலே போகும், போனது. பன்னிரண்டு பதினெட்டு. பாகற்காயை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்துவிட்டது, தப்பித்தாயிற்று. தியாகு எதிர்ப்பக்கமிருந்து கண்ணை மூடித் திறந்தான், நன்றி என்று அர்த்தம். அந்த நன்றிதான் சோற்றில் கல் மாதிரி இடித்தது. இவன் நன்றி சொல்கிற இடத்தில் நாம் நிற்கிறோமா? கோதண்டத்துக்கும் எவனோ இப்படித்தான் கண்ணைச் சிமிட்டியிருப்பான். இன்னும் ஏழு பேர், ஆறு பேர், காபி மிஷினில் பால் திரிகிறது, ஐந்து பேர், பைக் நிறுத்த இடமில்லை, அடப்பாவிகளா சீக்கிரம் சொல்லித் தொலையுங்களேன், உங்கள் பைக்கில் இடி விழ. பன்னிரண்டு இருபத்தேழு. கடைசி ஆள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தன் பாட்டியின் கண் ஆபரேஷனைப் பற்றி நீளமாகச் சொன்னான். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வட்டம் கலைந்தது. முத்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவள் தன் மேசைக்குப் போனாள், பாகற்காயை வைக்கத்தான் போனாள், வைக்கவில்லை, கால் தானாகப் பால்கனிப் பக்கம் திரும்பிவிட்டது, அதற்கு அவளைப் பாராட்ட வேண்டியதில்லை.

வெளியே ஏசி மிஷின்கள் அனல் கக்கிக்கொண்டிருந்தன. முத்து போனைக் காதில் வைத்தபடி திரும்பினான், முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்தா அக்காவே வந்துட்டாவ" என்று போனுக்குள் சொன்னான். "அக்கா, அவ பயப்படுதா. கவரக் கையில வச்சுக்கிட்டு ரூம் வாசல்ல நிக்கா. நீங்க ஒரு வார்த்த பேசுங்க, உங்க கொரலக் கேட்டா தைரியமாயிருவா." போனை அவள் கையில் திணித்துவிட்டான். ஒரு கையில் போன், ஒரு கையில் பாகற்காய். காதில் பள்ளிக்கூடத்துச் சத்தம், எங்கோ பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள், அதற்கு மேலே மெல்லிய குரல், பார்த்தே இராத அந்தப் பெண்ணின் குரல். "மேடம், வணக்கம் மேடம். உங்களைப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பாவ. நீங்க கூட நின்னு வீடு பாத்துக் குடுத்தியளாம். எனக்கு ஒரே படபடன்னு வருது மேடம். குடுத்திரட்டுமா?" தாட்சாயணி முத்துவின் முகத்தைப் பார்த்தாள். மேகலாவை நினைக்கவில்லை, தியாகுவை நினைக்கவில்லை, காகிதத்தை நினைக்கவில்லை, நினைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். "குடுக்காதம்மா" என்றாள். "அந்தக் கடிதத்தைக் குடுக்காத. கிழிச்சுப் போட்டுட்டு கிளாசுக்குப் போ."

முத்துவின் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் உதட்டில் அப்படியே நின்றது. போனை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்தான், வாய்ப் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டான். "அந்த மூணேகா ரூமு. ஆடிட்டு இல்லியா?" இல்லை என்று தலையாட்டினாள். "நானா?" ஆமாம் என்று ஆட்டினாள். "நான்தான் முத்து எழுதிக் குடுத்தேன். செண்பகத்துக்கு வேலை இருக்கே, நீ சமாளிச்சுக்குவேன்னு நெனச்சு" என்றாள், சொல்லும்போதே அதன் லட்சணம் அவளுக்கே தெரிந்தது. அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள், கத்தினால் நன்றாக இருக்கும், உள்ளே எல்லோருக்கும் கேட்கட்டும். கத்தவில்லை. போனைக் காதில் வைத்தான். "ஏட்டி செண்பகம், கவரப் பைக்குள்ள வையி. ஒண்ணுமில்லட்டி. சாப்பிட்டியா? போய்ச் சாப்பிடு, நான் பொறவு பேசுதேன்." கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பாதி மிஷினை ஓட வைக்கிற அதே குரல். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தியாகு தன் மேசையிலிருந்து எழுந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்கட்டும்.

"எப்பக்கா எழுதுனிய?" என்றான் முத்து. வியாழக்கிழமை என்றாள். அவன் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டான், வியாழன், வெள்ளி, மூன்றாவது விரலில் வந்து நின்றான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், அப்போதும் அவனுக்கு அவள் பேர் சொல்ல வரவில்லை.

"சனிக்கெழம கரும்பு ஜூஸ் குடிச்சியளேக்கா" என்றான். "இன்னும் அர டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சியளே."